நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார்கள்? எங்கே தேடினால் கிடைக்கும்?

கச்சத்தீவைக் கொடுத்தபோது நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் பேசினார்களா, பேசியிருந்தால் அதை எங்கே படிக்கலாம்? தேர்தல் நெருங்கினால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். கேட்பவர்களில் ஆய்வு மாணவர்கள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு, வாட்ஸ்அப் குழுவில் தோற்றுப்போக மனமில்லாத பெரியவர்களும் உண்டு. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். தேடல் பெட்டியில் "கச்சத்தீவு" என்று அடிக்கிறார்கள். ஒன்றும் வருவதில்லை. உடனே "பேசவே இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

பேசினார்கள். 1974 ஜூன் 26 அன்று கொழும்பிலும் 28 அன்று டெல்லியிலும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தார். தி.மு.க.வின் இரா. செழியனும் ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவரும் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அந்த ஒரு நாள் நடவடிக்கையைத் தேடி எடுக்க எந்த வழி உதவும், எந்த வழி காலை வாரும் என்று பார்த்தாலே மற்றத் தேடல்களுக்கும் விடை கிடைத்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, கையில் என்ன துப்பு இருக்கிறது என்பது. தேதி தெரியுமா, பேசியவர் பெயர் தெரியுமா, வெறும் சொல் மட்டும்தானா? என் அனுபவத்தில் இந்த மூன்றில் தேதிதான் தங்கம். பெயர் வெள்ளி. சொல்லை மட்டும் நம்பி இறங்குகிறவர்கள் பாதி நாளைத் தொலைப்பார்கள்.

இரண்டாவது, அந்த உரை எந்தக் காலத்தது என்பது. தட்டச்சாகவே கணினியில் பிறந்த பதிவு வேறு, அச்சுத் தாளை ஸ்கேன் செய்து ஏற்றிய பதிவு வேறு. மூன்றாவது, கிடைப்பதை மேற்கோள் காட்ட முடியுமா என்பது. நீதிமன்றத்திலோ ஆய்வேட்டிலோ வைக்க வேண்டுமென்றால் அவையின் அதிகாரபூர்வப் பதிவு வேண்டும். பத்திரிகைச் செய்தி போதாது. நான்காவது மொழி. இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. தமிழில் பேசிய உரை தமிழில் பதிவாகியிருக்கும் என்று நினைத்துத் தேடுகிறார்கள். பணச்செலவை இங்கே தனியாகச் சொல்லவில்லை. இணையத்தில் இருப்பவை பெரும்பாலும் இலவசம்தான், போவது நேரம்.

## நாடாளுமன்ற மின்னூலகம்: ஆழம் அதிகம், தேடல் பெட்டி பலவீனம்

மக்களவைச் செயலகம் நடத்தும் மின்னூலகம்தான் பழைய விவாதங்களுக்குப் பெரிய களஞ்சியம். 1952 மே 13 அன்று கூடிய முதல் மக்களவையிலிருந்து விவாதங்கள் அங்கே இருக்கின்றன. அதற்கு முந்தைய ஆங்கிலேயர் கால மத்திய சட்டமன்ற நடவடிக்கைகளும், குழு அறிக்கைகளும் சேர்ந்தே கிடைக்கின்றன.

ஆனால் "கச்சத்தீவு" என்று அங்கே தேடிப் பாருங்கள். முதலில் தமிழ் எழுத்தில் தேடினால் எதுவும் வராது. ஆங்கிலத்தில் அடிக்கலாம் என்றால், நடுவில் வரும் "ச்ச"வுக்கு எந்த எழுத்துகள், "தீ"க்கு இரண்டு ஈ-யா ஒரு ஐ-யா, டி-க்குப் பின் எச் உண்டா இல்லையா என்று கூட்டினால் பத்துக்கும் மேற்பட்ட எழுத்துக்கூட்டல்கள் தேறும். அரசு ஒரு விதமாக எழுதும், உறுப்பினர் கேள்வியில் இன்னொரு விதமாக வரும், அச்சுக்கோப்பவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பார்.

அதைவிடப் பெரிய சிக்கல் தலைப்பில் இருக்கிறது. 1974 ஒப்பந்தத்தின் அதிகாரபூர்வத் தலைப்பிலேயே தீவின் பெயர் கிடையாது. "இரு நாடுகளுக்கும் இடையிலான வரலாற்று நீர்ப்பரப்பில் எல்லை" என்பதுதான் அதன் பொருள். அவை நடவடிக்கைகளின் தலைப்புகள் இந்த மாதிரியான அலுவல் மொழியிலேயே அமையும். எனவே தீவின் பெயரை விட்டுவிட்டு, "வரலாற்று நீர்ப்பரப்பு", "கடல் எல்லை", "பாக் நீரிணை" ஆகியவற்றின் ஆங்கில வடிவங்களைத் தேடுவது பலன் தரும். 1972 மே மாதத்துக்கு முந்தைய விவாதம் என்றால் "ஸ்ரீலங்கா"வும் உதவாது. அப்போது அந்த நாடு "சிலோன்". அதேபோல் 1969 ஜனவரிக்கு முன் நம் மாநிலம் "மெட்ராஸ்". மக்களவையும் 1954 வரை ஆங்கிலத்தில் வேறு பெயரில்தான் இருந்தது.

ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி படித்து எழுத்தாக்கியதில் வரும் கோளாறு தனி. பழைய விவாதத் தொகுதிகளில் ஒரு பக்கத்தில், செய்தித்தாளில் இருப்பது போல, மேலிருந்து கீழாக இரண்டு பத்திகள் (காலம்). பத்தி குறுகலாக இருப்பதால் நீளமான தமிழ்ப் பெயர் வரி முடிவில் இரண்டாக உடையும். உடைந்த பெயர் தேடலில் சிக்காது. மங்கிய அச்சு என்றால் கேட்கவே வேண்டாம்.

எனவே இங்கே தேடல் பெட்டியை மறந்துவிட்டுத் தேதி வழியாக நுழையுங்கள். ஐந்தாவது மக்களவை, 1974 மழைக்காலக் கூட்டத்தொடர், ஜூலை 23 என்று இறங்கினால் அன்றைய நடவடிக்கை வரும். ஒரு நாளின் பதிவு நூற்றுக்கணக்கான பக்கம் போகலாம். முன்பக்கத்துப் பொருளடக்கத்தைப் படித்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். மேற்கோள் காட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள்: பழைய தொகுதிகளில் எண் இடப்பட்டிருப்பது பத்திக்கு, பக்கத்துக்கு அல்ல. பி.டி.எஃப். காட்டும் பக்க எண்ணைப் போட்டால் சரிபார்ப்பவர் உங்களைத் திட்டுவார்.

எப்போது இதுவே சிறந்தது: தேதியோ, குறைந்தது மாதமோ தெரிந்த பழைய மக்களவை விவாதத்துக்கு. தேதி தெரியாவிட்டால் முதலில் அக்காலத்து நாளிதழ்களைப் புரட்டி அதைக் கண்டுபிடியுங்கள். சுற்றிப் போகிற மாதிரித் தோன்றும், உண்மையில் அதுதான் குறுக்குவழி.

## மாநிலங்களவை விவாதத் தொகுப்பு: பேசியவர் பெயர் தெரிந்தால் இங்கே

மாநிலங்களவைக்குத் தனித் தொகுப்பு இருக்கிறது. 1952 முதல் இன்று வரையிலான நடவடிக்கைகளை உறுப்பினர் பெயர், பொருள், தேதி என்று பிரித்துத் தேடலாம். ஒரு நாள் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கொடுக்காமல் விவாதம் விவாதமாகப் பிரித்து வைத்திருப்பதால், ஒருவர் பேசியதைத் தொடர்ந்து படிக்க இதுவே வசதி.

அண்ணாவின் நாடாளுமன்ற உரைகளைத் தேடுகிறவர்கள் நேராக இங்கே வரலாம். அவர் 1962இல் மாநிலங்களவைக்குப் போனார். மே 1 அன்று நிகழ்த்திய கன்னிப் பேச்சு பலருக்கும் தெரிந்தது. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா, மெட்ராஸ் மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்ற தனிநபர் மசோதா கொண்டுவந்தபோது அண்ணா அதை ஆதரித்து 1963இல் பேசியதும் இங்கே உண்டு. பேசியவர் பெயரில் "அண்ணா" என்று தேடினால் வராது. தலைப்பெழுத்துகளுடன் முழுப்பெயர் வேண்டும். தலைப்பெழுத்து முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை என்று முயல வேண்டும். உறுப்பினர் பட்டியல் இருந்தால் அதிலிருந்தே பெயரைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

## சன்சத் தளம்: அண்மைக் காலத்துக்கும் கேள்வி-பதிலுக்கும்

இரு அவைகளுக்கும் பொதுவான சன்சத் தளத்தின் உண்மையான பலம் விவாதத்தில் இல்லை, கேள்வி-பதிலில் இருக்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் (அவையில் வாய்மொழிப் பதிலுக்கு), 230 நட்சத்திரமற்ற கேள்விகள் (எழுத்துப் பதிலுக்கு). மாநிலங்களவையில் 15, 160. தொலைக்காட்சியில் அமளி நடந்துகொண்டிருக்கும் அதே நாளில் நூற்றுக்கணக்கான எழுத்துபூர்வப் பதில்கள் சத்தமில்லாமல் அவையின் முன் வைக்கப்படுகின்றன. எத்தனை மீனவர்கள் பிடிபட்டார்கள், எத்தனை படகுகள் பறிமுதலாயின போன்ற எண்கள் உரைகளில் கிடைப்பதைவிட இந்தப் பதில்களில்தான் நம்பகமாகக் கிடைக்கும். பத்திரிகையாளர்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் குறை.

இங்கே மறைந்திருக்கும் செலவு, அமைச்சகத்தை வைத்துத் தேடுவதில் இருக்கிறது. தமிழ்நாட்டு மீனவர் கைது பற்றிய கேள்வி வெளியுறவு அமைச்சகத்துக்குப் போயிருக்கலாம். படகுக்கு நிவாரணம் என்றால் மீன்வளத்துக்குப் போகும். மீன்வளம் தனி அமைச்சகமாக ஆனதே 2019இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு வேளாண்மையில் தேட வேண்டும். ஒரே அமைச்சகத்தில் தேடிவிட்டு "கேள்வியே கேட்கவில்லை" என்று எழுதுவது உறுப்பினர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அண்மைய நாள்களின் விவாத உரையை எடுக்கும்போது, அது திருத்தப்படாத பிரதியா என்று முதல் பக்கத்தைப் பாருங்கள். இறுதிப் பதிப்பு வரும்வரை அதை முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்கள் இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறிகளும், கீழே ஓர் அடிக்குறிப்பும் மட்டுமே இருக்கும்.

## காணொளி: தமிழில் பேசியதைத் தமிழிலேயே கேட்க

மொழிப் பிரச்சினை முழுதாக வெளிப்படுவது இங்கேதான். மக்களவையின் மூலப் பதிப்பில் ஆங்கில உரை ஆங்கிலத்திலும் இந்தி உரை தேவநாகரியிலும் அப்படியே இருக்கும். தமிழ் உரைக்கு அந்த மரியாதை கிடையாது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் அச்சாகும். "முதலில் தமிழில் நிகழ்த்தப்பட்ட உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு" என்று ஓர் அடிக்குறிப்பு வரும். உறுப்பினர் குறள் சொல்லியிருப்பார், ஒரு பழமொழியை வீசியிருப்பார். பதிவில் இருப்பது அதன் பொழிப்பு.

எனவே தமிழ் மூலம் வேண்டும் என்றால் காணொளிதான் வழி. மக்களவைத் தொலைக்காட்சியும் மாநிலங்களவைத் தொலைக்காட்சியும் 2021இல் சன்சத் டி.வி.யாக இணைந்தன. நடவடிக்கைகளின் காணொளிகள் யூடியூபில் கிடைக்கின்றன. காணொளிக்குள் சொல்லைத் தேட முடியாது என்பதால் பதிவில் நேரத்தைக் கண்டுபிடித்து அந்த இடத்துக்குப் போங்கள். அவையில் பேசியவரின் சொந்தக் குரலுக்குப் பதிலாக மொழிபெயர்ப்பாளரின் குரல் ஓடும் காணொளியாக இருக்கவும் வாய்ப்புண்டு, எடுத்தவுடன் கவனியுங்கள். உறுப்பினரே தன் பக்கத்தில் வெட்டிப் போட்ட துண்டை நம்பாதீர்கள். எதிர்த்தரப்பின் பதிலும், தலைவர் மணி அடித்ததும் அதில் இருக்காது. 1974ஆம் ஆண்டு ஜூலைக்கு இந்த வழி கிடையாது.

## அச்சுத் தொகுதிகள்: மெதுவாக, ஆனால் உறுதியாக

ஸ்கேன் மங்கல், பக்கம் விடுபட்டிருக்கிறது, நீதிமன்றத்தில் வைக்க வேண்டும் என்ற நிலைமைகளில் நூலகத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. சென்னையில் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் எழும்பூர் கன்னிமாரா. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகமும் பழைய அரசு வெளியீடுகளுக்குப் பேர்போனது.

அச்சில் ஒரு வசதி உண்டு, அது இணையத்தில் இல்லை: பொருளகராதி. மனிதர் ஒருவர் உட்கார்ந்து தயாரித்த அகராதி, எழுத்துக்கூட்டல் எப்படி இருந்தாலும் பொருளை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். 1950களின் தொகுதிகளை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது கேள்வி-பதில் முதல் பாகமாகவும் மற்ற நடவடிக்கைகள் இரண்டாம் பாகமாகவும் தனித்தனியாகக் கட்டப்பட்டன. ஒரு பாகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

செலவு என்றால் பயணம், நகல் எடுக்கும் கட்டணம், தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்ற பதில். புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

## கூகுளும் செயற்கை நுண்ணறிவும்

கூகுளில் தளத்தின் பெயரைச் சேர்த்துத் தேடினால் சில சமயம் மின்னூலகத்தின் சொந்தத் தேடலைவிட நல்ல பலன் வரும். வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவியிடம் "1974இல் செழியன் என்ன பேசினார்" என்று கேட்பது ஆபத்து. சரளமான ஆங்கிலத்தில், நம்பத்தகுந்த நடையில், அவர் பேசாத ஒன்றைப் பேசியதாக எழுதித் தந்துவிடும். பத்தி எண்கூடப் போட்டுத் தரும். ஒரு பெயருக்குள்ள எழுத்துக்கூட்டல் வகைகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள், இந்திப் பகுதியின் சாரத்தைக் கேளுங்கள்; அதற்கு மேல் வேண்டாம்.

## ஒரு விதிவிலக்கு: அரசியல் நிர்ணய சபை

1946 டிசம்பர் 9 முதல் 1950 ஜனவரி 24 வரையிலான அரசியல் நிர்ணய சபை விவாதங்களுக்கு மேலே சொன்ன அவதி எதுவும் வேண்டாம். பெங்களூருவில் இயங்கும் ஓர் ஆய்வு மையம் அவற்றைப் பாரா பாராவாக எண்ணிட்டு, தேடக்கூடிய எழுத்தாக இணையத்தில் வைத்திருக்கிறது. 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடந்த ஆட்சிமொழி விவாதத்தை உட்கார்ந்த இடத்தில் படித்துவிடலாம். நாடாளுமன்றப் பதிவுகளும் இப்படி இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் வரும்.

## சென்னையும் கொழும்பும்

கச்சத்தீவு டெல்லியோடு முடிகிற விவகாரம் அல்ல. தமிழகச் சட்டமன்றம் 1974 ஆகஸ்டிலேயே தீர்மானம் போட்டது. 2025 ஏப்ரல் 2 அன்றும் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பேரவைப் பதிவில் தமிழ் உரை தமிழிலேயே இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சான பி.டி.எஃப்.களில் தமிழில் தேடினால் ஒன்றும் சிக்காது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கல்தான் வரும். இங்கேயும் தேதிதான் துணை.

கொழும்பின் ஹன்சார்டில், அதாவது அங்குள்ள நாடாளுமன்ற நடவடிக்கைப் பதிவில், ஒவ்வொருவரும் பேசிய மொழியிலேயே உரை அச்சாகிறது. தமிழ் உறுப்பினரின் பேச்சைத் தமிழிலும், பக்கத்திலேயே சிங்கள, ஆங்கில உரைகளையும் பார்க்கலாம். இந்த ஒரு விஷயத்தில் டெல்லி கொழும்பிடம் பாடம் கேட்கலாம். அதற்கு விலை, ஒரே சொல்லை மூன்று மொழிகளிலும் தேட வேண்டியிருப்பது. 1972 முதல் 1978 வரை அங்கிருந்த மன்றம் தேசிய அரசுப் பேரவை. 1974ஐத் தேடுகிறவர்கள் "பாராளுமன்றம்" என்ற வரிசையில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது.

| கையில் இருப்பது | முதலில் போக வேண்டிய இடம் | கவனம் |
|---|---|---|
| தேதி, பழைய மக்களவை | நாடாளுமன்ற மின்னூலகம் | பத்தி எண்ணைக் குறியுங்கள் |
| பேசியவர் பெயர், மாநிலங்களவை | மாநிலங்களவை விவாதத் தொகுப்பு | தலைப்பெழுத்தை மாற்றிப் பாருங்கள் |
| புள்ளிவிவரம் வேண்டும் | சன்சத் தளத்தின் கேள்வி-பதில் | அமைச்சகம் மாறியிருக்கலாம் |
| தமிழ் மூலச் சொற்கள் | காணொளி | துண்டுக் காணொளியைத் தவிருங்கள் |
| வெறும் சொல், தேதி இல்லை | பழைய நாளிதழ், பிறகு மின்னூலகம் | நாட்டின், மாநிலத்தின் பழைய பெயர் |
| நீதிமன்றச் சான்று | அச்சுத் தொகுதி | முன்கூட்டியே விசாரியுங்கள் |

## குழுக் கூட்டங்கள்: கதவு மூடியிருக்கிறது

"நிலைக்குழுக் கூட்டத்தில் அந்த அதிகாரி என்ன சொன்னார், அந்தப் பதிவு எங்கே" என்ற கேள்விக்கு மேலே சொன்ன எந்த இடமும் விடை தராது. இந்திய நாடாளுமன்றக் குழுக்கள் மூடிய அறையில் கூடுகின்றன. சொல்லுக்குச் சொல் பதிவு எடுக்கப்படுகிறது, ஆனால் வெளியிடப்படுவதில்லை. சாட்சியம் அவையின் முன் வைக்கப்படும்வரை அது ரகசியம். லண்டனில் தெரிவுக் குழுக்களின் விசாரணைகள் பெரும்பாலும் காணொளியாகவும் எழுத்தாகவும் பொதுவில் கிடைக்கின்றன. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு டெல்லி ஏமாற்றம் தரும்.

கிடைப்பது அறிக்கை மட்டும். 1993இல் 17ஆகத் தொடங்கிய துறைசார் நிலைக்குழுக்கள் 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். பட்ஜெட் மானியக் கோரிக்கை அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் ஓர் அமைச்சகத்தின் உண்மை நிலவரம் எந்த உரையையும்விடத் தெளிவாகத் தெரியும். அதிகாரிகளின் வாய்மொழிப் பதில்கள் அறிக்கையின் உடலிலேயே மேற்கோளாக வருவதுண்டு; பலர் பரிந்துரைகளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுவதால் இவை கண்ணில் படுவதில்லை. கடைசிப் பக்கங்களில் கூட்டக் குறிப்புகள் பின்னிணைப்பாக இருக்கும். யார் வந்தார், யார் வரவில்லை, எந்தத் துறையை அழைத்தார்கள் என்பது வரை சொல்லும்; யார் என்ன வாதிட்டார் என்பதைச் சொல்லாது. மசோதாவை ஆராய்ந்த கூட்டுக் குழு என்றால் மாறுபட்ட கருத்துக் குறிப்புகளைத் தேடுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினரின் வாதம் அவருடைய சொற்களிலேயே கிடைக்கும் இடம் அதுதான்.

அடுத்தது நடவடிக்கை எடுக்கப்பட்டது பற்றிய அறிக்கை. குழு சொன்னதற்கு அரசு என்ன பதில் சொன்னது, குழு அதை ஏற்றதா என்பது அங்கே வரிக்கு வரி இருக்கும். முதல் அறிக்கையை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் கதையின் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குழுப் பதிவைக் கேட்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கேட்கலாம், 8(1)(சி) பிரிவைக் காட்டி, அவையின் உரிமை மீறலாகும் என்று மறுப்பதற்கு வாய்ப்பு அதிகம். அந்தத் தபால் செலவுக்குப் பதிலாக, சம்பந்தப்பட்ட அமைச்சகம் குழுவுக்குக் கொடுத்த எண்களையே ஒரு கேள்வியாக்கித் தரும்படி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள். நட்சத்திரமற்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அது அன்றே பொதுப் பதிவாகிவிடும்.